பறவைப் பேன்களின் பெயர்ச் சிக்கல்

நாட்டுக்கோழி ஒன்றைப் பிடித்து வாலடியில் உள்ள மென்சிறகுகளை விலக்கினால், வைக்கோல் நிறத்தில் தட்டையான பூச்சிகள் தோலின்மேல் விறுவிறுவென ஓடுவதைப் பார்க்கலாம். ஊரில் இவற்றையும் கோழியடையில் ஏறும் சிற்றுண்ணிகளையும் சேர்த்தே ‘செல்’ என்பார்கள். இன்றைய கால்நடை மருத்துவ நூல்களில் இந்தப் பூச்சியின் பெயர் மெனகாந்தஸ் ஸ்ட்ராமினியஸ். பழைய நூல்களைப் புரட்டினால் இதுவே இயோமெனகாந்தஸ் ஸ்ட்ராமினியஸ் என்று வரும். அதற்கும் முந்தியவற்றில் மெனோபான் பைசீரியேட்டம். 1818இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் கிறிஸ்டியன் லுட்விக் நிட்ச் இதற்கு முதலில் பெயர் வைத்தபோது லியோத்தியம் என்ற பேரினத்துக்குள், மெனோபான் என்ற உட்பேரினத்தில் சேர்த்திருந்தார். அவர் பெயரிட்டது கோழிப்பேனுக்கு அல்ல, வான்கோழியின் பேனுக்கு. பூச்சி ஒன்றுதான், அது ஏறிவந்த பெயர்கள்தாம் இத்தனை.

கோழியில் இதனோடு வாழும் மற்றப் பேன்களின் கதையும் இப்படித்தான். இன்று கோனியோகோட்டஸ் கல்லினே எனப்படுவதைப் பழைய நூல்கள் கோனியோகோட்டஸ் ஹோலோகாஸ்டர் என்கின்றன. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வுகளைத் தேடும் மாணவர் இன்றைய பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதிக்குப் பாதி அகப்படாது. பெயர் மாறியது தெரியாமல், ஒரே பூச்சியைப் பற்றிய இரண்டு கட்டுரைகளை இரண்டு பூச்சிகளைப் பற்றியவையாக வாசித்துவிடவும் கூடும்.

உலகில் பறவைகளின்மேல் வாழும் பேன்கள் ஏறத்தாழ 4,000 சிற்றினங்கள் அறியப்பட்டிருக்கின்றன. இவற்றின் பெயர்கள் ஏன் இவ்வளவு குழம்பின என்று கேட்டால், பூச்சி மிகச் சிறியது, பழைய நுண்ணோக்கிகள் போதாதவை என்று பதில் வரும். அதில் உண்மை உண்டு. ஆனால் பேனைவிடச் சிறிய பூச்சிகளின் வகைப்பாடு இதைவிடத் தெளிவாக இருக்கிறது. பறவைப் பேன்களின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து பார்த்தால் வேறொரு காரணம் எழுந்து நிற்கிறது: பூச்சியைப் பார்க்குமுன் அது இருந்த பறவையைப் பார்த்துப் பெயர் வைத்த பழக்கம். குழப்பத்தின் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது. அதைத் தீர்த்தவர்கள் அனைவரும், ஏதோ ஒரு வகையில், பறவையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பூச்சியிடம் திரும்பியவர்கள்.

1668இல் இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி பூச்சிகளின் பிறப்பைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அழுகும் இறைச்சியிலிருந்து புழுக்கள் தாமாகத் தோன்றுவதில்லை என்பதைச் சோதனையால் காட்டியதற்காகவே அந்த நூல் புகழ்பெற்றது. அதே நூலில் பல பறவைகளின் பேன்களை அவர் படமாக வரைந்திருக்கிறார்; ஒவ்வொன்றும் எந்தப் பறவையுடையது என்பதே அதன் அடையாளம். 1758இல் லின்னேயஸ் தம் ‘சிஸ்டெமா நேச்சுரே’ நூலின் பத்தாம் பதிப்பில் விலங்குகளுக்கு இருசொற் பெயர் சூட்டியபோது, பறவைப் பேன்களையும் மனிதத் தலைப்பேனையும் பெடிகுலஸ் என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். புறாவின் பேன் பெடிகுலஸ் கொலம்பே, கோழியின் பேன் பெடிகுலஸ் கல்லினே, மயிலின் பேன் பெடிகுலஸ் பவோனிஸ். பலவற்றுக்கு அவர் சான்றாகக் காட்டியது ரெடியின் படங்களைத்தான். விலங்கியல் பெயரிடல் அந்த 1758இலிருந்து தொடங்குவதாக உலகம் பின்னர் ஒப்புக்கொண்டது. ஆகவே பறவைப் பேன்களின் சட்டப்படியான முதற்பெயர்கள் சில, பூச்சியின் உடலை விட்டு, ஏறத்தாழ நூறாண்டுக்கு முந்தைய ஒரு படத்தின்மேலும் ஒரு பறவையின் பெயரின்மேலும் நின்றன.

இதனால் வந்த தொல்லையைப் புரிந்துகொள்ள ஒரு மாடப்புறாவே போதும். அதன் இறக்கையை விரித்து ஒளிக்கெதிரே பிடித்தால், பெரிய சிறகுகளின் இழைகளுக்கு நடுவே கோடு கிழித்ததுபோல ஒல்லியான, ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள பேன் படுத்திருக்கும். புறா அலகால் கோதும்போது அது இழைகளுக்கிடையே நீளவாக்கில் நழுவித் தப்பும். அதே புறாவின் வயிற்றுப் பஞ்சுச் சிறகில் உருண்டை வயிறும் அகன்ற தலையுமாக வேறொரு பேன் இருக்கும். அது சிறகுப் பஞ்சுக்குள் புதைந்து தப்புவது. தோலோரம் ஓடுகின்ற இன்னும் சில வகைகளும் உண்டு. முதலாவது இன்று கொலம்பிகோலா கொலம்பே, இரண்டாவது கம்பானுலோட்டஸ் கம்பார். இரண்டும் ஒரே பறவையில், விரற்கடை இடைவெளியில் வாழ்ந்தாலும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பேரினங்கள். ‘புறாவின் பேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டால் இவற்றில் எதைச் சொன்னோம்? ஒரு பறவையில் ஒரு பேன்தான் இருக்கும் என்ற எண்ணம் முதலிலேயே தவறாக இருந்தது. ஒரு பேன் ஒரு பறவையில் மட்டுமே இருக்கும் என்பது அடுத்து வந்த தவறு.

நிட்ச் இந்த முதல் தவறைத் திருத்தியவர். 1818இல் அவர் எழுதியது முன்னோட்டமாகச் சில பக்கங்களே. ஆனால் தலை, உணர்கொம்பு, தாடை ஆகியவற்றைப் பார்த்து அவர் பிரித்த பிரிவுகள் இன்றும் நிற்கின்றன. உணர்கொம்பு தலையின் பக்கத்துப் பள்ளத்தில் மறைந்திருப்பவை ஒரு கூட்டம், இழைபோல வெளியே தெரிபவை மற்றொரு கூட்டம். பிலாப்டெரஸ், டோகோபோரஸ், நிர்மஸ், லிப்யூரஸ், கோனியோடெஸ், மெனோபான், கோல்போசெபாலம் என்று அவர் பயன்படுத்திய பெயர்கள் அடுத்த நூறாண்டின் எல்லா நூல்களிலும் ஓடின. அவருடைய பெரிய நூல் வெளிவரவேயில்லை. 1837இல் அவர் இறந்தபோது குறிப்புகளும் படங்களும் கையெழுத்தாகவே இருந்தன. ஹாலேயில் அவருக்குப்பின் வந்த கீபெல், 1861இலும் 1866இலும் அந்தக் குறிப்புகளிலிருந்து பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டு, 1874இல் ‘இன்செக்டா எபிசோவா’ என்ற பெருநூலாக்கினார்.

நன்றிக்கடனாகச் செய்த அந்தப் பணியே பெயரிடலுக்குத் தீராத தலைவலியானது. பட்டியல்களில் வந்த பெயர்கள் பலவற்றுக்குப் பக்கத்தில் ஓம்புயிரியின், அதாவது பேன் வாழும் பறவையின், பெயர் மட்டுமே இருந்தது. பூச்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விலங்கியல் பெயரிடலின் இன்றைய விதித்தொகுப்பு இதில் கறாராக இருக்கிறது: ஓம்புயிரியையோ ஊரையோ குறிப்பிடுவது மட்டும் விவரிப்பு ஆகாது. அப்படி வந்த பெயர் வெற்றுப் பெயர். சட்டத்தின் கண்ணில் அது பிறக்கவே இல்லை. பின்னால் யாராவது விவரிப்போடு அதே பெயரைப் பயன்படுத்தினால், அன்றுதான் அது பிறக்கிறது, பயன்படுத்தியவரே அதன் ஆசிரியர். நிட்ச் வைத்த பெயர்களாகப் பரவலாகக் கருதப்பட்ட பல சிற்றினங்களுக்கு இன்று பர்மீஸ்டர் என்றோ, டென்னி என்றோ, கீபெல் என்றோ ஆசிரியர் பெயர் நிற்பதன் காரணம் இதுதான். யாருக்குப் பெருமை என்பதைவிட, எந்த ஆண்டு என்பதே இங்கே முக்கியம். ஆண்டு மாறினால் முன்னுரிமை மாறும், முன்னுரிமை மாறினால் பெயரே மாறும்.

இந்த விதிகள் எப்படி ஒரு பெயரை முழுவதுமாகப் புரட்டிப்போடும் என்பதற்கு நிர்மஸ் என்ற பெயரைவிட நல்ல சான்று கிடையாது. ஸ்வீடனைச் சேர்ந்த சார்ல்ஸ் டி ஜீர் 1778இல் பறவைப் பேன்களை மனிதப் பேனிலிருந்து பிரித்து ரிசினஸ் என்ற பேரினத்தில் வைத்தார். ரிசினஸ் என்பது லின்னேயஸ் ஏற்கெனவே ஆமணக்குக்கு வைத்த பெயர். தாவரப் பெயருக்கும் விலங்குப் பெயருக்கும் தனித்தனி விதித்தொகுப்பு இருப்பதால் இன்றைய கணக்கில் அதில் முரண் இல்லை. 1804இல் ஹெர்மான் ரிசினஸுக்கு மாற்றாக நிர்மஸ் என்ற பெயரை வைத்தார். நிட்ச் அதே நிர்மஸை 1818இல் எடுத்து வேறொரு கூட்டத்துக்குச் சூட்டினார். ஒல்லியுமில்லாத, உருண்டையுமில்லாத, நடுத்தர உடல்வாகுள்ள பேன்களெல்லாம் அந்தக் கூட்டம். நூறாண்டுக் காலம் குருவி, காகம், உள்ளான், கழுகு என்று எந்தப் பறவையில் இப்படிப்பட்ட பேன் கிடைத்தாலும் நிர்மஸ் என்று எழுதினார்கள். ஹெர்மானின் நிர்மஸ் முந்தியது என்பதால் நிட்சின் நிர்மஸ் செல்லாது என்று கண்டு, 1906இல் பிரெஞ்சு ஆய்வாளர் நியூமன் டிஜீரியெல்லா என்ற புதுப்பெயர் தந்தார். டி ஜீருக்குச் செய்த மரியாதை அது. பத்தாண்டுக்குள், 1916இல், ஆஸ்திரேலியரான லான்ஸ்லாட் ஹாரிசன் வெளியிட்ட உலகப் பட்டியலில் நிர்மஸ் கூட்டம் மொத்தமும் டிஜீரியெல்லா ஆயிற்று.

பேரினப் பெயர் ஒன்றை ஒரு வகைச் சிற்றினத்தோடு கட்டிவைப்பது விதி. பேரினம் எத்தனை துண்டானாலும், வகைச் சிற்றினம் இருக்கும் துண்டுக்கே பழைய பெயர் போகும். டிஜீரியெல்லாவின் வகைச் சிற்றினம் வெண்வால் கடற்கழுகின் பேன். ஆகவே 1930களில் பேன்களின் தலையோட்டு அமைப்பையும் ஆண் இனப்பெருக்க உறுப்பையும் பார்த்து இந்தக் கூட்டத்தைப் பிரித்தபோது, டிஜீரியெல்லா என்ற பெயர் கொன்றுண்ணிப் பறவைகளின் பேன்களோடு போயிற்று. குருவிக் கூட்டத்துப் பறவைகளின் பேன்களுக்கு 1936இல் கேலர் வைத்த புரூயெலியா என்ற பெயரும், கரைப்பறவைகளின் பேன்களுக்கு 1939இல் கிளேயும் மைனர்ட்ஸ்ஹாகனும் வைத்த குவாட்ராசெப்ஸ் என்ற பெயரும் நிலைத்தன. காகத்தின் பேன் ஒன்று முப்பதே ஆண்டில் நிர்மஸாகவும் டிஜீரியெல்லாவாகவும் புரூயெலியாவாகவும் ஆனது இவ்வாறுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீண் அலைச்சலாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுத்தில் இருக்கிறது. எந்தப் பெயர் எப்போது எதைக் குறித்தது என்பதைப் படிப்படியாகத் திரும்ப நடந்து பார்க்க முடிகிறது. காரணம் சொல்லாமல் மாறிய பெயர்களே உண்மையில் குழப்புபவை.

அந்தப் படிகளைத் துப்புரவாக்கிய இருவரைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் ஹாப்கின்ஸ் உகாண்டாவில் பணியாற்றிய பூச்சியியலாளர். தெரசா கிளே லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பேன்களைக் கவனித்தவர். இருவரும் 1952இல் உலகின் மெல்லும் பேன்களுக்கான பேரினம், சிற்றினப் பட்டியலை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் முதல் வெளியீடு, வகை ஓம்புயிரி, செல்லும், செல்லாது என்ற தீர்ப்பு ஆகியவை அதில் உண்டு. அதைவிடவும் எனக்குப் பெரிதாகப் படுவது 1950 முதல் 1960 வரை நான்கு பகுதிகளாக அவர்கள் எழுதிய பழைய இலக்கிய ஆய்வு. 1758இலிருந்து 1818 வரை அச்சான ஒவ்வொரு பறவைப் பேன் பெயரையும் எடுத்து, அந்த ஆசிரியர் எதைப் பார்த்திருக்க முடியும், அவர் காட்டிய படம் எந்தப் பூச்சிக்குப் பொருந்துகிறது, அந்தப் பறவையில் இன்று என்னென்ன பேன்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். தேவைப்பட்ட இடங்களில் அந்தப் பறவையிலிருந்தே எடுத்த மாதிரியைப் புதுவகைமாதிரியாக நிறுவி, மிதந்துகொண்டிருந்த பெயரைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய ஓர் உடலோடு கட்டினார்கள். ரெடி இத்தாலியில் வரைந்த மயிலின் பேன் இன்று கோனியோடெஸ் பவோனிஸ் என்று உறுதியாக அழைக்கப்படுவது அத்தகைய உழைப்பால்தான்.

ஆனால் ஓம்புயிரியின் பெயரே பொய்யாக இருந்தால்? பேன் பற்றிய ஒவ்வொரு பதிவும் பறவையின் அட்டையை நம்பியே நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேன் சேகரித்தவர்கள் காட்டுக்குப் போனது குறைவு. 1880இல் ‘லே பெடிகுலின்’ என்ற பெருநூலை எழுதிய பியாஷே தம் மாதிரிகளில் நிறையவற்றை விலங்குக்காட்சிச் சாலைப் பறவைகளிலிருந்தும் அருங்காட்சியகத் தோல்களிலிருந்தும் எடுத்தார். அடுத்தடுத்த கூண்டுகளில் பறவைகள் இருக்கும்போது பேன் தாவும். சுட்ட பறவைகளை ஒரே பையில் போட்டால், உடல் குளிர்ந்ததும் பேன்கள் இடம்பெயரும். பேன்கள் சில, பறவையிலிருந்து பறவைக்குச் செல்லும் தட்டை ஈக்களின் உடலைப் பற்றிக்கொண்டு பயணம் செய்வதும் உண்டு. இப்படித் தவறான பறவையில் கிடைத்த பேனுக்கு அந்தப் பறவையின் பெயரையே சூட்டிவிட்டால், தவறு நிரந்தரமாகிவிடும். பொருத்தமில்லாதது என்பதற்காக ஒரு பெயரை மாற்ற விதி இடம்தருவதில்லை.

இதன் உச்சக்கட்டம் வட அமெரிக்காவின் பயணிப்புறா. கோடிக்கணக்கில் பறந்த அந்தப் பறவையின் கடைசி உயிர், மார்த்தா என்ற பெட்டை, 1914 செப்டம்பர் 1இல் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. 1937இல் மால்கம்சன் அந்தப் புறாவின் பேன் ஒன்றை விவரித்து, அற்றுப்போனது என்ற பொருள்படக் கொலம்பிகோலா எக்ஸ்டிங்டஸ் என்று பெயர் வைத்தார். 1969இல் போர்ச்சுகீசியரான டெண்டெய்ரோ, அதே புறாவிலிருந்து எடுத்ததாக அட்டையிட்ட இன்னொரு பேனைக் கம்பானுலோட்டஸ் டிஃபெக்டஸ் என்று விவரித்தார். ஓம்புயிரி அழிந்தால் ஒட்டுண்ணியும் கூடவே அழியும் என்ற கருத்தைப் பேசியவர்கள் இந்த இரண்டையும் சான்றாகக் காட்டினார்கள். ஓர் இனம் அழிந்ததைக் கணக்கெடுக்கும்போது கூடவே அழிந்தவற்றையும் கணக்கெடுக்க வேண்டும் என்ற நியாயமான குரல் அது.

1999இல் டேல் கிளேட்டனும் ரோஜர் பிரைஸும் அமெரிக்கக் கண்டங்களின் கொலம்பிகோலா பேன்களை மறுஆய்வு செய்தபோது, எக்ஸ்டிங்டஸ் என்ற பேன் பட்டைவால் புறாவில் உயிரோடு இருப்பதைக் கண்டார்கள். அந்தப் புறா இன்றும் அமெரிக்காவின் மேற்குப் பகுதி மலைக்காடுகளில் வாழ்கிறது. அதற்கு அடுத்த ஆண்டில் ஆஸ்திரேலியக் கம்பானுலோட்டஸ் பேன்களை ஆராய்ந்தபோது டிஃபெக்டஸின் கதையும் முடிந்தது. அது ஆஸ்திரேலியாவின் வெண்கலச்சிறகுப் புறாவில் வாழும் கம்பானுலோட்டஸ் ஃபிளாவஸ்தான். பயணிப்புறா அந்தக் கண்டத்தை ஒருபோதும் எட்டியதில்லை. மாதிரியின் அட்டை தவறு. அற்றுப்போனதாக எண்ணிய இரண்டில் ஒன்று வேறொரு புறாவில் வாழ்ந்தது, மற்றது பயணிப்புறாவில் வாழவேயில்லை. டிஃபெக்டஸ் இன்று, ஒரே பூச்சிக்கு வந்த உபரிப் பெயர்களான இணைப்பெயர்களின் பட்டியலில் இருக்கிறது. எக்ஸ்டிங்டஸோ உயிரோடிருக்கும் பூச்சியின் செல்லுபடியாகும் பெயராகவே தொடர்கிறது. இதைத் தீர்த்தது புதிய கருவி எதுவுமில்லை. பறவையின் அட்டையை மூடிவைத்துவிட்டு, தகட்டில் இருந்த பூச்சியை அதன் உறவினங்கள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்ததுதான்.

அட்டை தவறியது கவனக்குறைவால் என்றால் மன்னிக்கலாம். வேண்டுமென்றே செய்தது ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகனின் கதை. பிரிட்டிஷ் படை அதிகாரி. தெரசா கிளேயோடு சேர்ந்து பேன் கட்டுரைகள் எழுதியவர். பறவைத் தோல்களோடு பெரும் பேன் தொகுப்பையும் லண்டன் அருங்காட்சியகத்துக்குத் தந்தவர். 1993இல் ஆலன் நாக்ஸும், பின்னர் பமேலா ராஸ்முசனும் ராபர்ட் பிரிஸ்-ஜோன்ஸும் அவருடைய பறவைத் தோல்களை ஆராய்ந்து, பிறர் சேகரித்தவற்றைத் திருடிப் புதிய அட்டை ஒட்டியிருந்ததை நிறுவினார்கள். நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் தாம் சுட்டதாக அவர் காட்டிய காட்டுச் சிற்றாந்தை உண்மையில் வேறொருவர் முந்தைய நூற்றாண்டில் சேகரித்தது. அந்தப் பொய்யை ஒதுக்கிவிட்டு மற்றப் பழைய இடங்களில் தேடியதால்தான் 1997இல் மகாராஷ்டிரத்தில் அந்த ஆந்தை உயிரோடு மீண்டும் கிடைத்தது. பறவைத் தோலின் அட்டை பொய்யென்றால் அதிலிருந்து எடுத்த பேனின் ஊரும் நாளும் பொய்யாகின்றன. அவர் தொகுப்பிலிருந்து வந்த வகைமாதிரிகளைப் பயன்படுத்துவோர் அட்டையிலுள்ள இடத்தை இன்று இரட்டைக் கவனத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது. பூச்சியின் உடலைச் சான்றாகக் கொண்ட பெயர் இதனால் ஆட்டம் காண்பதில்லை. ஊரைச் சான்றாகக் கொண்ட முடிவு ஆட்டம் கண்டுவிடும்.

இனி இரண்டாவது தவறுக்கு வருவோம். 1913இல் ஃபாரன்ஹோல்ஸ் வகுத்த கருத்தின்படி, ஒட்டுண்ணிகளின் வம்சாவளி ஓம்புயிரிகளின் வம்சாவளியைப் பின்தொடரும். அமெரிக்காவில் வெர்னன் கெல்லாகும் ஏறத்தாழ அதே பாதையில் சிந்தித்துக்கொண்டிருந்தார். அடிப்படையில் அழகான கருத்து. பல இடங்களில் உண்மையும்கூட. கெடுதல் எங்கே என்றால், இதையே பெயரிடும் கருவியாக்கியதில். பறவை வேறென்றால் பேனும் வேறாகத்தான் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து புதுப்பெயர்கள் குவிந்தன. ஜெர்மனியின் வொல்ஃப்டீட்ரிக் ஐக்லர் 1940களில் பறவைக் குடும்பவாரியாகப் பேரினங்களைத் துண்டாடிக்கொண்டே போனார். ஹாப்கின்ஸும் கிளேயும் அவற்றில் பெரும்பாலானவற்றை இணைப்பெயர்களாக அமிழ்த்திவிட்டார்கள்.

மறுபக்கத்தில் மெனகாந்தஸ் யூரிஸ்டெர்னஸ் இருக்கிறது. குருவிக் கூட்டத்துப் பறவைகளிலும் மரங்கொத்திகளிலும் வாழும் பேன். பறவைக்கொரு பெயராக இதற்கு ஏராளமான சிற்றினப் பெயர்கள் சேர்ந்திருந்தன. 1975இல் ரோஜர் பிரைஸ் மாதிரிகளை ஒருங்கே வைத்து, மயிர்களை எண்ணி, தலையையும் மார்பையும் அளந்து, வேறுபாடு என்று சொன்னவையெல்லாம் ஒரே இனத்தின் உள்வேறுபாடுகள் என்று காட்டி ஒரே பெயருக்குள் அடக்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்களில் வாழும் ஒற்றைச் சிற்றினம் அது. புறாக்களிலும் கழுகுகளிலும் காணப்படும் கோல்போசெபாலம் டர்பினேட்டமும் ஓம்புயிரியை நம்பிப் பெயர் வைப்பவரை ஏமாற்றக்கூடியதே.

அப்படியானால் அடக்குவதே சரி, பிரிப்பது தவறு என்றாகிவிடுமா? புரூயெலியாவைப் பாருங்கள். லாகூர் வட்டாரத்தில் பணியாற்றிய அன்சாரி 1956, 57இல் காகக் குடும்பத்தின் புரூயெலியாக்களை விரிவாக ஆராய்ந்து பிரிட்டிஷ் அருங்காட்சியக இதழில் வெளியிட்டார். அதன்பிறகும் அந்தப் பேரினம் நூற்றுக்கணக்கான சிற்றினங்களோடு வீங்கிக்கிடந்தது. 2017இல் டேனியல் குஸ்டாஃப்சனும் சாரா புஷ்ஷும் நானூறு பக்கத்துக்கு மேலான மறுஆய்வு ஒன்றில் அதை உடைத்துப் பல பேரினங்களாக்கினார்கள். புதுப்பெயர்கள் நிறையத் தேவைப்பட்டன; சில இடங்களில் தேவைப்படவில்லை. ஐக்லர் 1944இல் வைத்து, பின்னர் இணைப்பெயராகப் புதைந்துபோன கார்வோநிர்மஸ் என்ற பெயர் காகப் பேன்களுக்காக மீண்டும் எழுந்தது. ஐக்லரின் முறை அவசரமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அவர் பெயருக்கு வகைச் சிற்றினம் இருந்தது, விவரிப்பு இருந்தது. ஆகவே பிரிவு மெய்யென்று தெரிந்த நாளில் முன்னுரிமை அவருக்கே போயிற்று. இணைப்பெயர்ப் பட்டியலைக் குப்பைக்கூடையாக நினைக்கும் பட்டியல்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே கிடக்கும் ஒவ்வொரு பெயரும் என்றாவது திரும்பி வரக்கூடியது. அதை விட்டுவிட்டு அச்சிடும் பட்டியல் அடுத்த குழப்பத்துக்கு விதை போடுகிறது.

மரபணுவரிசை ஆய்வு வந்தபின் கணக்குகள் மேலும் மாறியிருக்கின்றன. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் சில புறாப்பேன்கள் மரபணுவில் வெவ்வேறு இனங்களாகத் தெரிந்தன. யூட்டா பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனை இன்னும் கூர்மையானது. சாதாரணப் புறாவின் பேன்களைப் பேருருவப் புறா வகைகளில் விட்டு நான்கு ஆண்டு வளர்த்தார்கள். பேன்களின் உடல் பெருத்தது. பெருத்தவற்றுக்கும் பழைய அளவுள்ளவற்றுக்கும் இணைசேர்வதே கடினமாயிற்று. 2019இல் வெளிவந்த இந்த முடிவு, உடல் நீளத்தை மட்டும் அளந்து சிற்றினம் பிரிப்பதும் பிரிக்காமல் விடுவதும் எவ்வளவு வழுக்கலான நிலம் என்பதைச் சொல்கிறது.

கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் வந்திறங்கும் பூநாரைகளின் பேன்களும், பேனின் வம்சாவளி பறவையின் வம்சாவளியைப் பின்தொடர்கிறதா என்ற வழக்கில் நெடுங்காலம் சாட்சிக்கூண்டில் நின்றன. அனடிகோலா போன்ற வாத்துப் பேன் பேரினங்கள் பூநாரையிலும் இருப்பதால், பூநாரை வாத்துக்கு உறவு என்று வாதிட்டார்கள். பறவைகளின் மரபணுவோ பூநாரையை முக்குளிப்பானின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. 2006இல் பேன்களின் மரபணுவைப் பார்த்தபோது, பூநாரைப் பேன்களின் நெருங்கிய உறவும் முக்குளிப்பானின் பேனாகவே இருந்தது. வாத்துகளுக்குப் பேன் பின்னால் தாவியிருக்கிறது. பேனை வைத்துப் பறவையையும் பறவையை வைத்துப் பேனையும் வகைப்படுத்திய வட்டம் அங்கே உடைந்தது.

மேல்நிலைப் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெல்லும் பேன்களைக் குறிக்க நிட்ச் வைத்த மல்லோபேகா என்ற வரிசைப் பெயர் இன்றும் பாடநூல்களில் ஓடினாலும், வகைப்பாட்டில் அதற்கு இடமில்லை. மெல்லும் பேன்களில் ஒரு பிரிவு, குருதி உறிஞ்சும் பேன்களுக்கே நெருங்கிய உறவு. எல்லாப் பேன்களும் சேர்ந்து தைராப்டெரா. அவையும் புத்தகப்பேன் போன்ற சிறு பூச்சிகளும் சேர்ந்து சோகோடியா. ‘மெல்லும் பேன்’ என்பதை வாழ்க்கைமுறையைக் குறிக்கும் சொல்லாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

பிரைஸ், ஹெலன்தால், பால்மா, ஜான்சன், கிளேட்டன் ஆகிய ஐவர் 2003இல் வெளியிட்ட உலகப் பட்டியலே இன்று வேலை செய்பவர்களின் கைநூல். நம் நாட்டில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் லட்சுமிநாராயணா இந்தியாவுக்கும் அண்டை நாடுகளுக்குமான பேன் பெயர்களைத் தொகுத்துத் திருத்தியவர். ஆனால் இந்த இரண்டு தொகுப்புகளும் புரூயெலியா உடைவதற்கு முந்தியவை. அவற்றிலிருந்து பெயர் எடுப்பவர் 2017க்குப் பிந்தைய மாற்றங்களைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் வீட்டுக்காகத்தின் பேனையே பழைய பெயரில் எழுதிவிடுவார். பட்டியலில் ஒரு பெயர் இருப்பதன் பயன் பூச்சியே அற்றுப்போகும்போதும் தெரியும். கலிபோர்னியாவின் பெருங்கழுகைக் காப்பாற்ற 1980களில் கூண்டில் வளர்த்தபோது மருந்தடித்துப் பேன் நீக்கினார்கள். அந்தக் கழுகுக்கே உரிய கோல்போசெபாலம் கலிபோர்னிசி அத்தோடு அற்றுப்போனது. அதற்கு 1963இலேயே தனிப்பெயர் இருந்ததால்தான் இழந்தது இன்னது என்றாவது நமக்குத் தெரிகிறது. பெயரில்லாமல் போனவை எத்தனையோ.

எனவே இனி பேன் சேகரிக்கும் மாணவர் செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. பறவையைக் கொல்லத் தேவையில்லை. உரிய அனுமதியோடு வலையில் பிடித்து, பைரெத்ரம் தூளைச் சிறகுக்குள் தூவி, வெள்ளைத் தாளின்மேல் சிறகைக் கோதிவிட்டால் பேன்கள் உதிரும். பறவையைப் படம் எடுத்துவிட்டுப் பறக்கவிடலாம். ஒரு பறவைக்கு ஒரு தாள், ஒரு துணிப்பை. அதே பையில் அடுத்த பறவையைப் போடக்கூடாது. உதிர்ந்தவை அடர்ந்த ஆல்கஹாலில் போகும். மரபணு எடுக்கப் பேனை நசுக்கி அழிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டு, மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே சிறு கீறலிட்டு உள்திசுவைக் கரைத்தெடுத்தால், வெளிக்கூடு முழுதாக மிஞ்சும். அந்தக் கூட்டையே கனடா பால்சத்தில் ஒட்டித் தகடாக்கலாம். அப்போது வரிசைக்கும் உடலுக்கும் ஒரே எண். நாளைக்கு யாராவது பெயரை மாற்றினாலும் தகட்டை எடுத்துப் பார்த்து மாற்ற முடியும். மரபணுத் தரவகங்களில் ‘புரூயெலியா, இனம் தெரியவில்லை’ என்று வெறும் வரிசையாகக் கிடக்கும் பதிவுகளுக்கு அந்த வசதி இல்லை. 2017க்குப் பிறகு அவை எந்தப் பேரினம் என்று கேட்டால், திறந்து பார்க்கத் தகடு வைத்திருப்பவர்தான் பதில் சொல்ல முடியும்.